புது எஞ்சின் ஆயிலில் இரும்பு ஏன் அதிகம்?

நன்றாகப் பராமரிக்கப்பட்டு பத்து ஆண்டு ஓடிய ஒரு காரின் ஆயிலையும், ஷோரூமிலிருந்து வந்து 1,500 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய ஒரு காரின் ஆயிலையும் ஒரே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். வண்டிகளின் விவரத்தை மறைத்துவிட்டு, அறிக்கைகளை மட்டும் காட்டி எது பழைய வண்டி என்று கேட்டால் பலரும் தவறாகத்தான் சொல்வார்கள். இரும்பு, செம்பு, அலுமினியம், சிலிக்கான் என்று எல்லாமே புது வண்டியின் ஆயிலில்தான் தூக்கலாக இருக்கும். லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கியவர் இந்தத் தாளைப் பார்த்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். பெரும்பாலும் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்காது. எப்போது இருக்கும், எப்போது இருக்காது என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் இந்த அத்தியாயம்.

ரயிலில் பிறந்த சோதனை

ஓடிய ஆயிலைச் சோதித்து எஞ்சினின் நிலையை அறியும் முறை கார்களுக்காக உருவானது அல்ல. அமெரிக்காவில் கொலராடோ மலைப்பாதைகளில் ரயில் ஓட்டிய டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் நிறுவனம் 1946-ல் தன் டீசல் லோகோக்களின் ஆயிலை நிறமாலைமானியில் சோதிக்கத் தொடங்கியது. லோகோவை ஷெட்டில் நிறுத்தி எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதென்றால் நாள்கணக்கில் வருமானம் போகும். ஆயிலில் ஈயமும் செம்பும் திடீரென ஏறினால் பேரிங் தேய்கிறது என்று பிரிக்காமலே தெரிந்துகொள்ளலாம். 1950-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை இதே முறையை விமான எஞ்சின்களுக்கு எடுத்துக்கொண்டது. பிறகு லாரிகள், ஜெனரேட்டர்கள், சுரங்க இயந்திரங்கள் என்று பரவி, கடைசியில்தான் சொந்தக் கார்களுக்கு வந்தது.

சோதனையின் அடிப்படை 1859-60-ல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரில் கிர்ச்சாஃபும் புன்சனும் கண்டறிந்தது. சூடேற்றினால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளி விடும். இன்றைய கருவியில், ஆயிலை ஒரு கரைப்பானில் நீர்க்கச் செய்து, பல ஆயிரம் டிகிரி வெப்பத்தில் இருக்கும் ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் நுண் துளிகளாகத் தெளிக்கிறார்கள். ஆயில் சிதைந்து அணுக்களாகிறது. செம்பு 324.7 நானோமீட்டரிலும், இரும்பு 259.9 நானோமீட்டரிலும், சிலிக்கான் 251.6 நானோமீட்டரிலும் ஒளி விடுகின்றன. மூன்றும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள். எந்த அலைநீளத்தில் எவ்வளவு பிரகாசம் என்று அளந்தால், எந்தத் தனிமம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஓரிரு நிமிடத்தில் இருபது தனிமங்களின் கணக்கு கையில் கிடைக்கும்.

கணக்கு பிபிஎம் அளவில் வரும். ஒரு கிலோ ஆயிலில் ஒரு மில்லிகிராம் இருந்தால் ஒரு பிபிஎம். ஒரு சிறிய காரில் சுமார் 4 லிட்டர் ஆயில், அதாவது ஏறத்தாழ 3.4 கிலோ இருக்கும். அறிக்கையில் இரும்பு 38 பிபிஎம் என்று வந்தால், மொத்த ஆயிலிலும் மிதப்பது சுமார் 130 மில்லிகிராம் இரும்பு. திரட்டி ஒன்றாக்கினால் பக்கத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர் உள்ள ஒரு கனசதுரம் தேறும். எஞ்சின் முழுவதிலும் உரசும் எல்லாப் பரப்புகளும் சேர்ந்து இழந்தது அவ்வளவுதான்.

தேய்ந்துதான் பழகும்

புது எஞ்சினின் சிலிண்டர் சுவர் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், தொழிற்சாலையில் வேண்டுமென்றே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். 'ஹோனிங்' என்று பெயர். அந்தப் பள்ளங்கள் ஆயிலைப் பிடித்துவைக்கும். மேடுகள் பிஸ்டன் ரிங்கோடு உரசி மழுங்கும். ரிங்கும் சுவரும் ஒன்றோடொன்று பொருந்தி அமர்வது இப்படித்தான். கேம் ஷாஃப்ட், டைமிங் செயின், ஆயில் பம்ப் என்று உரசும் இடங்களில் எல்லாம் சிறிய அளவில் இதுவே நடக்கிறது. புதிதாகக் கொத்திய அம்மியில் முதலில் அரைப்பதைக் கல் உதிர்கிறது என்று வழித்துக் கொட்டிவிடுவார்கள். அதற்காக அம்மியை யாரும் குறை சொல்வதில்லை. முதல் ஆயிலில் வரும் இரும்பும் அந்த வகைதான்.

சில நிறுவனங்கள் தொழிற்சாலையில் ஊற்றிய முதல் ஆயிலைக் குறித்த கிலோமீட்டர் வரும்வரை மாற்றவேண்டாம் என்கின்றன. சில நிறுவனங்கள் ஆயிரம் கிலோமீட்டரிலேயே முதல் சர்வீஸ் வைக்கின்றன. இதில் உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே கணக்கு. ஊரார் சொல்வதையோ பழைய வண்டியின் பழக்கத்தையோ இங்கே கொண்டுவர வேண்டாம்.

எந்த உலோகம் எங்கிருந்து?

புது காரின் அறிக்கையில் முதலில் திடுக்கிட வைப்பது சிலிக்கான். பழைய எஞ்சினில் சிலிக்கான் ஏறினால் தூசி உள்ளே போகிறது என்று பொருள். மணலும் மண்ணும் சிலிக்காதானே. ஏர் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை, குழாயில் எங்கோ விரிசல் என்று தேடத் தொடங்கலாம். புது எஞ்சினில் கதை வேறு. ஆயில் பேன், டைமிங் கவர் ஆகியவற்றை ஒட்டும் சிலிகோன் பசையிலிருந்து சிலிக்கான் ஆயிலில் கசிகிறது. அது எதையும் உரசாது, தேய்க்காது. கருவிக்கோ மணலின் சிலிக்கானும் பசையின் சிலிக்கானும் ஒன்றுதான், ஏனென்றால் அது அணுவை மட்டும் எண்ணுகிறது. வேறுபடுத்திப் பார்க்கவேண்டியது நாம். தூசி உள்ளே போனால் சிலிக்கானோடு அலுமினியமும் கொஞ்சம் ஏறும், ஏனென்றால் மண்ணில் அலுமினாவும் உண்டு. தூசி அரைப்பதால் இரும்பும் ஏறும். பசை என்றால் சிலிக்கான் மட்டும் உயர்ந்து நிற்கும், ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் இறங்கிக்கொண்டே வரும்.

அடுத்தது செம்பு. ஆயில் கூலரில் செம்பு இருக்கும் எஞ்சின்களில், புது உலோகப் பரப்போடு ஆயிலின் வேதிப்பொருட்கள் வினைபுரிந்து செம்பைக் கரைத்தெடுக்கும். நாளடைவில் பரப்பின்மேல் ஒரு படலம் உருவாகி, கரைவது நின்றுவிடும். இந்தக் காலத்தில் செம்பின் அளவு நூற்றுக்கணக்கான பிபிஎம்முக்குப் போய்த் திரும்பிய எஞ்சின்கள் உண்டு. இது வேதிவினை; எந்தப் பாகமும் உரசித் தேயவில்லை. செம்பு மட்டும் தனியாக ஏறியிருந்து, கூடவே வெள்ளீயமோ இரும்போ ஏறாவிட்டால் கூலரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பொட்டாசியம் இன்னொரு பொறி. கூலன்ட் ஆயிலில் கலந்தால் பொட்டாசியமும் சோடியமும் ஏறும் என்று எல்லா வழிகாட்டிகளிலும் இருக்கும். அது சரிதான். ஆனால் டர்போ எஞ்சின்களில் காற்றைக் குளிர்விக்கும் அலுமினிய இன்டர்கூலரைப் பற்றவைக்கும்போது பயன்படும் ஃபிளக்ஸில் பொட்டாசியமும் அலுமினியமும் இருக்கின்றன. அதன் மிச்சம் காற்றோடு சிலிண்டருக்குள் போய், அங்கிருந்து ஆயிலில் கலக்கும். புது டர்போ வண்டியில் பொட்டாசியமும் அலுமினியமும் ஜோடியாக ஏறியிருந்து, சோடியம் அசையாமல், கூலன்ட் அளவும் குறையாமல் இருந்தால் ஹெட் கேஸ்கெட்டைக் கழற்றத் தேவையில்லை.

ஈயத்தைப் பொறுத்தவரை பழைய பாடம் இன்று அப்படியே உதவாது. ஒரு காலத்தில் பேரிங்கின் மேல்பூச்சு ஈயக் கலவை. பெட்ரோலிலும் ஈயம் இருந்தது. இந்தியா முழுவதும் ஈயமில்லா பெட்ரோல் 2000 பிப்ரவரியில் வந்தது. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த பழைய வாகனங்கள் பற்றிய சட்டம், வண்டிகளில் ஈயத்தைப் படிப்படியாக விலக்கச் சொன்னது. இன்று பல புது எஞ்சின்களில் பேரிங்குகள் அலுமினியம்-வெள்ளீயக் கலவையிலோ, பிஸ்மத் சேர்ந்த செம்புக் கலவையிலோ வருகின்றன. ஆகவே ஈயம் பூஜ்யம் என்று அறிக்கை சொன்னால் பேரிங் நலம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த பேரிங்கில் ஈயமே இல்லாமல் இருக்கலாம். வெள்ளீயம், அலுமினியம், செம்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்று தாள்களை அடுக்கிப் பார்த்தால்

விளக்கத்துக்காக ஒரு கற்பனை வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் ஆயில் 1,500 கிலோமீட்டரில் வடிக்கப்பட்டது: இரும்பு 38, செம்பு 45, அலுமினியம் 12, சிலிக்கான் 85. இரண்டாவது ஆயில் 7,000 கிலோமீட்டர் ஓடியது: இரும்பு 28, செம்பு 22, அலுமினியம் 6, சிலிக்கான் 34. மூன்றாவது ஆயில் 10,000 கிலோமீட்டர் ஓடியது: இரும்பு 15, செம்பு 6, அலுமினியம் 4, சிலிக்கான் 15.

இரும்பு 38, 28, 15 என்று இறங்குகிறது என்பது உண்மை. ஆனால் அது பாதிக் கதைதான். ஒவ்வொரு ஆயிலும் ஓடிய தூரம் வேறு. ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். முதல் ஆயிலில் சுமார் 25, இரண்டாவதில் 4, மூன்றாவதில் 1.5. தேய்மானம் பாதியாகக் குறைந்தது போலத் தெரிந்தது உண்மையில் பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கிறது. இந்த எஞ்சின் நன்றாகப் பழகிவிட்டது.

இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆயிலை வடிக்கும்போது எல்லாம் வந்துவிடாது. ஹெட்டிலும் பாதைகளிலும் ஒட்டியிருக்கும் பழைய ஆயில் புது ஆயிலோடு கலக்கும். ஆகவே இரண்டாவது அறிக்கையில் முதல் ஆயிலின் மிச்சமும் கொஞ்சம் பேசுகிறது. செம்பும் சிலிக்கானும் ஒரே பாய்ச்சலில் விழாமல் படிப்படியாக இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது மூன்றாவது தாளை மட்டும் மாற்றுவோம். இரும்பு 40, அலுமினியம் 11, சிலிக்கான் 48 என்று வந்திருந்தால்? இந்த எண்கள் முதல் அறிக்கையின் எண்களை ஒட்டியோ அவற்றுக்குக் கீழேயோதான் இருக்கின்றன என்று ஆறுதல் கொள்ளக் கூடாது. இறங்கவேண்டிய மூன்றும் இரண்டாவது தாளைவிட ஒன்றாக ஏறியிருக்கின்றன. தூசி உள்ளே போகிறது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டரின் ரப்பர் விளிம்பு சரியாக அமர்ந்திருக்கிறதா, அதைத் தாண்டிய குழாயின் உட்புறத்தில் விரலால் தடவினால் தூசி ஒட்டுகிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். 48 என்ற எண் முதல் அறிக்கையில் சாதாரணம், மூன்றாவதில் எச்சரிக்கை.

ஆயிலோடு வந்த உலோகங்கள்

அறிக்கையில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கும் எண்கள் தேய்மானம் அல்ல. துத்தநாகம், பாஸ்பரஸ், கால்சியம், மெக்னீசியம், மாலிப்டினம், போரான் ஆகியவை ஆயில் தயாரிப்பாளர் சேர்த்தவை. இங்கும் புது வண்டிக்காரர் ஏமாற இடமுண்டு. பாஸ்பரஸ் 750 என்று பார்த்து, பழைய அறிக்கைகளில் 1,000-க்கு மேல் இருந்ததே, ஆயில் தீர்ந்துவிட்டதா என்று கேட்பார். இன்றைய மெல்லிய பெட்ரோல் ஆயில்களுக்கான தரம் பாஸ்பரஸை 600 முதல் 800 பிபிஎம்முக்குள் வைக்கச் சொல்கிறது. புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கி மாற்றியைப் பாஸ்பரஸ் கெடுப்பதே காரணம்.

கால்சியமும் அப்படித்தான். சிறிய டர்போ எஞ்சின்கள் குறைந்த வேகத்தில் அதிக பாரம் இழுக்கும்போது, தீப்பொறிக்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் பிரச்சினை வந்தது. கால்சியம் மிகுந்த ஆயில் அதைத் தூண்டுகிறது என்று தெரியவந்ததும், 2020 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. தரத்து ஆயில்கள் பலவற்றில் கால்சியத்தைக் குறைத்து அந்த இடத்தை மெக்னீசியத்தால் நிரப்பினார்கள். ஆகவே கால்சியம் குறைவு, மெக்னீசியம் அதிகம் என்பது நல்ல ஆயிலின் அடையாளமாகவே இருக்கலாம்.

துத்தநாகம் குறையாமல் இருக்கிறதே, ஆயில் இன்னும் நன்றாக இருக்கிறது என்ற முடிவும் தவறு. தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மம் சிதைந்து தீர்ந்துபோனாலும், அதன் துத்தநாக அணு ஆயிலிலேயேதான் மிதக்கும். கருவி அதை எண்ணிவிடும். ஆயிலின் உயிர் எவ்வளவு மிச்சம் என்று சொல்வது காரக் கையிருப்பைக் காட்டும் டி.பி.என். என்ற எண். எரிதலில் உருவாகும் அமிலங்களை நடுநிலையாக்கும் திறன் இது. புது ஆயிலில் பெரும்பாலும் 6 முதல் 10 வரை இருக்கும், ஓட ஓட இறங்கும், 2-ஐ நெருங்கினால் ஆயிலை மாற்றிவிட வேண்டும். பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்படி 2020 ஏப்ரல் முதல் எரிபொருளில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து 10 பிபிஎம்மாகக் குறைந்ததால், கந்தக அமிலத்தால் இந்தக் கையிருப்பு கரைவது முன்பைவிடக் குறைந்திருக்கிறது.

பெட்ரோல் கலந்த ஆயில்

புது கார்களில் உலோகங்களைவிடக் கவனமாகப் பார்க்கவேண்டியது, என் கருத்தில், அறிக்கையின் அடியில் இருக்கும் இரண்டு எண்கள்: பாகுநிலை, எரிபொருள் கலப்பு. இன்றைய பல பெட்ரோல் எஞ்சின்களில் பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சுகிறார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதில் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவரில் படியும். ரிங்குகள் அதை வழித்து ஆயில் பேனில் சேர்க்கும். நீண்ட தூரம் ஓடி ஆயில் நன்றாகச் சூடானால் பெட்ரோலின் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். பிள்ளையைப் பள்ளியில் விட, கடைக்குப் போய்வர என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திக்கொண்டே இருந்தால் பெட்ரோல் ஆயிலிலேயே தங்கும்.

இதற்குப் பெயர்பெற்ற உதாரணம் ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போ எஞ்சின். சி.ஆர்.-வி, சிவிக் கார்களில் வந்த அந்த எஞ்சினில், கடுங்குளிர் நிலவும் வட சீனாவில் ஆயில் மட்டம் டிப்ஸ்டிக்கில் ஏறிக்கொண்டே போனது. வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடித்தது. 2018-ல் சீனாவில் வண்டிகளைத் திரும்ப அழைக்கும் நிலை ஏற்பட்டது, புது சி.ஆர்.-வி விற்பனையும் அங்கே நிறுத்திவைக்கப்பட்டது. எஞ்சின் சீக்கிரம் சூடேறும்படி மென்பொருளை மாற்றினார்கள். அமெரிக்காவில் இந்த எஞ்சினுக்கு உத்தரவாதக் காலம் நீட்டிக்கப்பட்டது. குளிரும் குறுகிய பயணமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி. சென்னையிலோ மதுரையிலோ அந்தக் குளிர் இல்லை, ஆனால் குறுகிய பயணம் உண்டு.

0டபிள்யூ-20 ஆயிலின் பாகுநிலை, 100 டிகிரியில், 6.9-க்கும் 9.3-க்கும் இடையே இருக்க வேண்டும். அறிக்கையில் அது 6.7 என்று வந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பெட்ரோல் கலப்பு. மற்றொன்று, ஆயிலின் பாகுநிலையைக் காக்கும் நீண்ட பாலிமர் சங்கிலிகள் எஞ்சினுக்குள் நசுங்கி அறுபடுவது. எது என்று காட்டிக்கொடுப்பது ஃபிளாஷ் பாயிண்ட், அதாவது ஆயிலின் ஆவி தீச்சுடர் பட்டால் பற்றும் வெப்பநிலை. புது ஆயிலுக்கு இது 200 டிகிரிக்கு மேல். கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலே நன்றாக இறங்கிவிடும். பாகுநிலை இறங்கி ஃபிளாஷ் பாயிண்டும் இறங்கினால் பெட்ரோல். ஃபிளாஷ் பாயிண்ட் அசையாமல் பாகுநிலை மட்டும் இறங்கினால் பாலிமர். முதலாவதற்கு மருந்து ஓட்டும் முறையில் இருக்கிறது, அல்லது ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவதில். இரண்டாவதற்கு ஆயிலின் பிராண்டை மாற்றிப் பார்க்கலாம்.

தாளில் வராதவை

பிளாஸ்மாக் கருவி ஏறத்தாழ 5 மைக்ரானுக்குக் குறைந்த துகள்களைத்தான் முழுமையாகக் காண்கிறது. அதைவிடப் பெரிய துகள் பிளாஸ்மாவைச் சரியாக எட்டுவதில்லை, எட்டினாலும் முழுதாக எரிந்து ஆவியாவதில்லை. மெதுவான, சீரான தேய்மானம் நுண்துகள்களைத் தருவதால் அது நன்றாகத் தெரியும். ஒரு பேரிங் பெயர்ந்து செதில் செதிலாக உதிர்ந்தால் அந்தச் செதில்கள் அறிக்கையில் வராமலே போகலாம். அவை சிக்குவது ஆயில் ஃபில்டரில். சந்தேகம் இருந்தால் பழைய ஃபில்டரை அறுத்து, காகித மடிப்புகளை விரித்து, வெளிச்சத்தில் பாருங்கள். மினுமினுக்கும் துகள் காந்தத்தில் ஒட்டினால் அது இரும்பு அல்லது எஃகு. ஒட்டாவிட்டால் பேரிங் உலோகமோ பிஸ்டன் அலுமினியமோ ஆக இருக்கலாம். அறிக்கை நன்றாக இருந்து எஞ்சினில் தட்டும் சத்தம் கேட்டால், சத்தத்தை நம்புங்கள்.

மாதிரி எடுப்பதில் தவறினால் மேலே சொன்ன எதற்கும் பொருள் இல்லை. வண்டியை ஓட்டி ஆயிலைச் சூடாக்கிய பிறகு, வடிகால் போல்ட்டைச் சுற்றித் துடைத்துவிட்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைச் சுத்தமான, உலர்ந்த பாட்டிலில் பிடிக்க வேண்டும். அடியில் தேங்கிய கடைசி ஆயில் வேண்டாம். தண்ணீர் பாட்டிலோ சமையல் எண்ணெய் பாட்டிலோ கூடாது. ஆயில் ஓடிய தூரம், வண்டியின் மொத்த தூரம், ஆயிலின் பெயரும் தரமும், இடையில் எவ்வளவு ஊற்றி நிரப்பினோம் என்ற நான்கு விவரங்களும் பாட்டிலோடு போக வேண்டும். அதே ஆயிலைப் புதிதாக இருக்கும்போதும் ஒருமுறை சோதித்து வைத்தால், எது ஆயிலோடு வந்தது, எது எஞ்சினிலிருந்து வந்தது என்ற குழப்பமே இராது.

எல்லாப் புது கார்களுக்கும் இந்தச் சோதனை வேண்டுமா? சாதாரணமாக ஓட்டி, கையேட்டின்படி ஆயில் மாற்றுபவருக்கு வேண்டியதில்லை. டர்போவும் நேரடிப் பீய்ச்சலும் உள்ள வண்டியைக் குறுகிய தூரங்களுக்கே ஓட்டுபவருக்கும், பத்து பதினைந்து ஆண்டு வைத்திருக்க எண்ணுபவருக்கும், நிறைய வண்டிகளைப் பராமரிக்கும் டாக்ஸி நிறுவனங்களுக்கும் அது காசுக்குப் பெறும். அவர்களும் முதல் அறிக்கையைப் பார்த்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். கோப்பில் வைத்துவிட்டு மூன்றாவதற்குக் காத்திருங்கள். அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும், உத்தரவாதக் காலம் முடியும்வரை நிறுவனம் சொன்ன இடைவெளியைத் தாண்டி ஒரே ஆயிலை ஓட்டாதீர்கள். ஆய்வுக்கூடத்தின் தாளைக் காட்டி உத்தரவாதம் கேட்க முடியாது. சோதனைக்கு அனுப்பாதவர்களும் மாதம் ஒருமுறை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். மட்டம் குறைந்தால் ஆயில் ஊற்றிவிட்டு, ஏன் குறைந்தது என்று கேளுங்கள். மட்டம் ஏறியிருந்தால் அதைவிட அவசரமாகக் கேளுங்கள்.